15 மில்லிலீற்றர் பக்கற்றில் கூந்தல் எண்ணெய் விற்கலாமா?

அக்கரைப்பற்று வாசகி ஒருவரின் கேள்வி, 2026 ஜனவரி 8

நானும் என் மாமியாரும் கரிசலாங்கண்ணியும் செவ்வரத்தம்பூவும் போட்டு வீட்டிலேயே கூந்தல் எண்ணெய் காய்ச்சி விற்கிறோம். 100 மில்லிலீற்றர் போத்தலை வாங்கத் தயங்குகிறவர்களுக்காக 15 மில்லிலீற்றர் பக்கற் போட விரும்புகிறோம். சிறிய பக்கற்றுகளுக்குத் தடை இருந்தாலும் உணவுப் பொருளுக்கு விலக்கு உண்டு என்கிறார்கள். எங்களுடையது முழுக்கத் தேங்காய் எண்ணெய். சமையலுக்கும் அதே எண்ணெய்தான். ஆகவே அந்தத் தடை எங்களைக் கட்டுப்படுத்தாது என்பது என் கருத்து.

2026 ஜனவரி 9

கட்டுப்படுத்தும். இலங்கையின் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2021 ஜனவரியில் வர்த்தமானியில் வெளியாகி, அதே ஆண்டு மார்ச் 31 முதல் நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதியைத்தான் நீங்கள் குறிப்பிடுகிறீர்கள். நிகரக் கொள்ளளவு 20 மில்லிலீற்றரோ அதற்குக் குறைவோ, நிகர நிறை 20 கிராமோ அதற்குக் குறைவோ உள்ள சஷே பக்கற்றுகளை அது தடை செய்கிறது. உணவுக்கும் மருந்துக்கும் மட்டும் விலக்கு. அந்த விலக்கு, பொருள் எதிலிருந்து செய்யப்பட்டது என்பதைப் பார்ப்பதில்லை. என்னவென்று சொல்லி விற்கப்படுகிறது என்பதைத்தான் பார்க்கும். லேபலில் "கூந்தல் எண்ணெய்" என்று அச்சிட்ட கணத்திலேயே உங்கள் எண்ணெய் அடுப்படியை விட்டு நிலைக்கண்ணாடிக்கு முன்னால் வந்துவிட்டது. அதில் கரிசலாங்கண்ணி வேறு இருக்கிறது. அதை ஊற்றி யாரும் குழம்பு தாளிக்கப் போவதில்லை.

அதே வர்த்தமானி தண்டு பிளாஸ்டிக்கினால் ஆன காது குடையும் பஞ்சுக் குச்சிகளையும் (மருத்துவப் பயன்பாடு தவிர), காற்றடைக்கும் விளையாட்டுப் பொருட்களில் ஒரு பகுதியையும், விவசாய இரசாயனங்களை அடைக்கும் பெட், பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் வகைகளாலான கொள்கலன்களையும் தடுத்தது. நான்கில் இரண்டு, அதாவது சஷேயும் பஞ்சுக் குச்சியும், நேரே அழகுசாதன அலுமாரிக்குரியவை. ஆனாலும் எங்கள் பக்கத்தில் பலரும் அதை லஞ்ச் ஷீற் (சாப்பாடு சுற்றும் பொலித்தீன் தாள்) தடையோடு சேர்த்துச் சாப்பாட்டுக் கடைகளின் விவகாரம் என்றே நினைத்து விட்டுவிட்டார்கள். லஞ்ச் ஷீற் தடை வேறு, அது 2017 செப்டெம்பரில் வந்தது.

நான் மட்டக்களப்புக் கல்லடியில் சிறிய அளவில் சவர்க்காரமும் தலை எண்ணெயும் முகப்பூச்சுத் தூளும் செய்கிறவள். எனக்கும் சிறிய பக்கற்றின் மீது ஆசை இருந்தது. சுருள் சுருளாக வரும் அந்த வெள்ளி நிறத் தாளையும், கையால் அழுத்தி ஒட்டும் சிறிய இயந்திரத்தையும் ஒரு மொத்த வியாபாரி கொண்டுவந்து காட்டியபோது, ஒரு பக்கற்றைக் கத்தரித்து அதன் ஓரத்தை நகத்தால் பிரித்துப் பார்த்தேன். வெளியே அச்சிட்ட மெல்லிய படலம், நடுவே அலுமினியம், உள்ளே சூட்டில் உருகி ஒட்டும் பொலித்தீன். எவ்வளவு முயன்றும் மூன்றும் தனித்தனியாகக் கழன்று வரவில்லை. கழன்று வராமல் இருப்பதுதான் அதன் தரம். ஒளியும் காற்றும் ஈரமும் உள்ளே போகாமல் ஆண்டுக்கணக்கில் காப்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். அதே காரணத்தால் பயன்படுத்திய பிறகு அதை வாங்க ஆளில்லை.

2026 ஜனவரி 10

சகோதரி தனிச்செய்தியில் இன்னொரு வழி கேட்டிருந்தார்: உணவு இல்லையென்றால் மருந்து என்று சொல்லலாமா, அது மூலிகை எண்ணெய்தானே என்று. பலருக்கும் வரக்கூடிய யோசனை என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

மருந்து என்றால் மருந்துக்குரிய கடமைகள் எல்லாம் கூடவே வரும். ஆயுர்வேத மருந்தாக விற்பதற்கு ஆயுர்வேதத் திணைக்களத்தின் நடைமுறைகளைக் கடந்து வர வேண்டும். பக்கற்றுக்கு மட்டும் மருந்தாகவும், அனுமதி கேட்கும் இடத்தில் வெறும் அழகுசாதனமாகவும் ஒரே எண்ணெய் இருக்க முடியாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கேட்கும்போது இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல முடியும்.

2026 ஜனவரி 13

ஏறாவூரிலிருந்து எழுதியவர் கேட்பது: 6 மில்லிலீற்றர் பக்கற்றுகள் நான்கை ஒன்றோடொன்று ஒட்டிய கீற்றாக விற்றால் மொத்தம் 24 ஆகிவிடுகிறது, அப்போது சட்டத்துக்கு வெளியே வந்துவிடலாம் அல்லவா?

நான் அதை அப்படி வாசிக்கவில்லை. அந்தக் கீற்றில் துளையிட்ட கோடு எதற்காக இருக்கிறது? கடைக்காரர் கிழித்து ஒவ்வொன்றாகக் கொடுப்பதற்காகத்தான். கிழித்த பிறகு குப்பையில் விழுவது நான்கு தனிப் பக்கற்றுகள், நான்கு கிழிந்த மூலைகள். அந்த மூலைதான் கூட்டுமாறில் அகப்படாது, வாய்க்காலில் போய்ச் சேரும், வாவியில் மிதக்கும். சட்டத்தின் எழுத்தைக் கூட்டிக் கழித்துப் பார்க்கிற இந்த முயற்சியில் நேர்மை இல்லை என்பது என் உறுதியான எண்ணம். சின்ன முதலில் தொழில் செய்கிற நாங்கள் அந்த வழியில் போகத் தேவையில்லை.

2026 ஜனவரி 18

போத்தலுக்கு வருகிறேன். பக்கற் கூடாது, போத்தல் நல்லது என்று எழுதிவிட்டுப் போனால் பாதிதான் சொன்னதாகும்.

கடந்த வாரம் சாக்கு நிறைய வெறும் போத்தல்களைக் கட்டிக்கொண்டு, காத்தான்குடிப் பக்கம் பழைய சாமான் எடுக்கும் ஒரு கடைக்குப் போனேன். எங்கள் வாடிக்கையாளர்கள் திருப்பித் தந்தவை, அயலில் சேர்த்தவை, எல்லா நிறுவனங்களுடையவையும் கலந்திருந்தன. கடைக்கார நானா தராசில் வைக்கும் முன்பே சாக்கைத் தரையில் கொட்டிப் பிரிக்கத் தொடங்கினார். வெள்ளை நிற ஷம்புப் போத்தல்கள், பவுடர் டப்பாக்கள் ஒரு பக்கம். நிறமில்லாத பெட் போத்தல்கள் மறுபக்கம். கண்ணாடிக் குப்பிகளில் பெரியவற்றை மட்டும் எடுத்தார். மீதியாகக் கிடந்தவை எவை என்று குனிந்து பார்த்தேன்: அழுத்தினால் களிம்பு வரும் பம்ப் மூடிகள், உதட்டுச் சாயக் குழல்கள், கண் மை டப்பிகள், பற்பசை போன்ற களிம்புக் குழாய்கள், கறுப்பு நிற மூடிகள், பவுடர் கொம்பாக்ட்.

ஒரு பம்பைக் கையில் எடுத்து, "இதையும் போட்டுக்கொள்ளுங்கள் நானா, இதுவும் பிளாஸ்டிக்தானே" என்றேன். அவர் அதை வாங்கிக் கல்லில் வைத்து ஒரு தட்டுத் தட்டினார். உள்ளே இருந்து துருப்பிடிக்காத கம்பிச் சுருள் ஒன்றும், சிறு குண்டு ஒன்றும், மெல்லிய குழாயும், வேறொரு பிளாஸ்டிக்கிலான வளையமும் உருண்டன. "பாருங்க தங்கச்சி, இது ஒரு சாதி, இது வேற சாதி, நடுவால கம்பி. இதக் களட்டிக் களட்டி இருந்தா என்ட புள்ளயளுக்குச் சோறு போடேலா" என்றார். அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

அன்றிலிருந்து என் கொள்வனவில் ஒரே விதியை வைத்திருக்கிறேன்: இந்தப் பொருள் வெறுமையானதும் அந்தத் தராசில் ஏறுமா? ஏறாது என்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்குவதில்லை. பம்புக்குப் பதிலாகத் திருகு மூடி. நிறம் பூசிய போத்தலுக்குப் பதிலாக நிறமில்லாதது. முழு உடலையும் மூடிச் சுருங்கி ஒட்டும் உறைக்குப் பதிலாகச் சிறிய லேபல். முழுமூடும் அந்த உறை பெரும்பாலும் போத்தலைவிட வேறு வகைப் பிளாஸ்டிக்கால் ஆனது. பிரிக்கிறவருக்குப் போத்தல் எது என்றே தெரியாமல் மறைத்துவிடும்.

2026 ஜனவரி 19

நேற்றைய குறிப்பின் கீழ் ஒருவர், போத்தலின் அடியில் உள்ள முக்கோணத்தைப் பார்த்தால் போதுமே என்று எழுதியிருக்கிறார். பார்க்கத்தான் வேண்டும். பிளாஸ்டிக் வகையை அடையாளப்படுத்தும் குறியீடு பற்றிய ஒழுங்குவிதியும் 2021இல் வந்ததுதான். 1 பெட், 2 எச்.டி.பி.ஈ., 3 பி.வி.சி., 4 எல்.டி.பி.ஈ., 5 பொலிப்ரொப்பிலீன், 6 பொலிஸ்ரைரீன், 7 மற்றவை. ஆனால் முக்கோணம் சொல்வது பொருள் எது என்பதை மட்டும். அதை வாங்க ஆள் இருக்கிறார் என்று அது சொல்வதில்லை. 7 என்ற எண்ணைக் கண்டால் எங்கள் பக்கத்தில் யாரும் கை நீட்டுவதில்லை. வெறும் போத்தல் வாங்கும்போது மொத்தக் கடையிலேயே கவிழ்த்துப் பாருங்கள்; குறியீடே இல்லாதவை இன்னமும் விற்பனைக்கு வருகின்றன.

2026 ஜனவரி 27

"இவ்வளவு சின்னப் பொருளுக்கு இவ்வளவு பேச்சா, பிரதேச சபையின் உழவு இயந்திரம் வந்து எடுத்துக்கொண்டு போகிறதே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எடுத்துக்கொண்டு எங்கே போகிறது என்பதுதான் நான் கேட்க விரும்புவது.

அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர்களின் குப்பையில் பெரும்பகுதி பள்ளக்காட்டில் கொட்டப்பட்டு வந்தது எல்லோருக்கும் தெரியும். அங்கே எட்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 20 யானைகள் குப்பையிலிருந்த பிளாஸ்டிக்கைத் தின்று இறந்தன என்று 2022 ஜனவரியில் உலகச் செய்தி நிறுவனங்கள் எழுதின. பிரேத பரிசோதனைகளில் வயிற்றிலிருந்து பொலித்தீனும் உணவு உறைகளும் வந்தன. யானையை இழுப்பது உணவின் வாசனைதான். அழகுசாதனப் பக்கற்றைத் தேடி எந்த யானையும் வருவதில்லை. ஆனால் மீன் கழுவிய பையும் சோற்றுப் பொதியும் ஷம்பு பக்கற்றும் ஒரே வாளியில் ஒன்றாகக் கட்டி வீசப்படும்போது, அந்தப் பிராணிக்கு இது உணவு, இது ஒப்பனை என்று பிரித்துத் தின்னத் தெரியாது. பிரித்துக் கொடுக்க வேண்டியது வீடு. பிரித்துக் கொடுக்கக்கூடிய விதமாகச் செய்ய வேண்டியது உற்பத்தியாளர்.

எரித்தால் போயிற்று என்பவர்களுக்கு: திறந்த வெளியில் பிளாஸ்டிக்கை எரிப்பது 2017 முதல் தடை. தடை இல்லாவிட்டாலும் அலுமினியப் படலம் எரிவதில்லை. எங்கள் ஒழுங்கையில் வளவுக் குப்பை எரித்த இடங்களைக் கிளறினால், சாம்பலுக்குள் வெள்ளிச் சருகுகள் அப்படியே கிடக்கும்.

இந்தச் செலவை யார் ஏற்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பக்கற்றை அச்சடித்த நிறுவனம் கொழும்பிலோ இந்தியாவிலோ இருக்கிறது. இலாபம் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. உழவு இயந்திரத்துக்கு டீசல் ஊற்றுவது கல்முனையும் நிந்தவூரும் அக்கரைப்பற்றும் மட்டக்களப்பும் வரியாகக் கட்டும் பணம். உற்பத்தியாளர் பொறுப்பு, அதாவது பொதியைச் சந்தைக்கு விட்டவரே அதன் கழிவுக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்ற பேச்சு, இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

2026 பெப்ரவரி 3

வெளிநாட்டுக்கு அனுப்புவது பற்றிப் பலர் கேட்டிருக்கிறார்கள். சுவிஸில் இருக்கும் அண்ணன், ஜெர்மனியில் இருக்கும் மச்சாள், "அங்கே விற்றுத் தருகிறோம், அனுப்பு" என்கிறார்களாம்.

முதலில் ஒரு திருத்தம். ஒரு வாசகர் இரண்டு நாட்டையும் சேர்த்து "ஐரோப்பிய ஒன்றியச் சட்டம்" என்று எழுதிவிட்டார். சுவிட்சர்லாந்து ஒன்றியத்தின் உறுப்பு நாடு இல்லை, அதற்குத் தன் சொந்தச் சட்டம் உண்டு. ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து ஆகியவை உறுப்பு நாடுகள். கீழே எழுதுவது அவற்றுக்குப் பொருந்தும்.

அங்கே பொதியிடல் மற்றும் பொதிக் கழிவு பற்றிய புதிய ஒழுங்குவிதி, 2025ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கத்தது, 2025 பெப்ரவரி 11இல் நடைமுறைக்கு வந்தது. பொதுவாக அது பொருந்தத் தொடங்குவது 2026 ஆகஸ்ட் 12, அதாவது இந்த ஆண்டே. 2030 அளவில் சந்தைக்கு வரும் எல்லாப் பொதிகளும் மீள்சுழற்சி செய்யக்கூடியனவாக இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் பொருளைப் பெரிதாகக் காட்டுவதற்காக வைக்கும் இரட்டைச் சுவர், பொய்யடி, தேவையற்ற அடுக்கு ஆகியவற்றுக்கு 2030 முதல் இடமில்லை. முகக் களிம்புக் குப்பிகளைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும்: உள்ளங்கையை நிரப்பும் கனத்த குப்பி, மூடியைத் திறந்தால் நடுவே ஒரு சிறு கிண்ணம், அதற்குள் 30 கிராம் களிம்பு. அந்தக் குப்பியைத்தான் சட்டம் குறிவைக்கிறது.

பிளாஸ்டிக் பொதியில் ஒரு பங்கு மீள்சுழற்சிப் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. அழகுசாதனப் பொதி, உணவுப் பொதியைப் போலவே உள்ளிருக்கும் பொருளோடு படுவதால் நுணுக்கமாகப் பார்க்கப்படும் வகையில் சேர்க்கப்பட்டுள்ளது. அவற்றில் பெட் என்றால் 2030இல் 30 சதவீதம், மற்றப் பிளாஸ்டிக் என்றால் 10 சதவீதம்.

பொதியைத் தாண்டி, பொருளுக்கே தனியான 2009ஆம் ஆண்டின் 1223ஆம் இலக்க ஒழுங்குவிதி இருக்கிறது. ஒன்றியத்துக்குள் முகவரியுடைய ஒரு பொறுப்பாளர், பாதுகாப்பு மதிப்பீட்டு அறிக்கை, இணைய வழி முன்னறிவித்தல் ஆகிய மூன்றும் இல்லாமல் ஒரு போத்தலையும் விற்பனைக்கு வைக்க முடியாது. மச்சாளின் வீட்டுப் பாவனைக்கு இரண்டு போத்தலைக் கொடுத்தனுப்புவது ஒரு விஷயம். அவர் அதைத் தமிழ்க் கடையில் அடுக்கி விற்பது வேறு விஷயம். உறவை நம்பிச் சட்டப் பொறுப்பை அவர் தலையில் கட்டிவிடாதீர்கள்.

2026 பெப்ரவரி 4

சிறு சேர்க்கை. முகத்தில் தேய்க்கும் பொருட்களில் கலக்கும் நுண்மணிப் பிளாஸ்டிக்கை ஒன்றியம் 2023 ஒக்டோபரிலேயே நிறுத்திவிட்டது. கழுவிவிடும் அழகுசாதனப் பொருட்களில் வேண்டுமென்றே சேர்க்கும் மற்ற நுண்பிளாஸ்டிக்குகளுக்கு 2027 ஒக்டோபர் வரை தவணை. அமெரிக்கா 2015இலேயே நுண்மணிகளுக்கு எதிராகச் சட்டம் இயற்றிவிட்டது. எங்களுக்கு இது பாரமே இல்லை. பயற்றம் மாவும், அரைத்த அரிசியும், காய்ந்த தோடம்பழத் தோலும் இருக்கும் வீட்டில் பிளாஸ்டிக் மணியை எதற்காகத் தேட வேண்டும்?

2026 பெப்ரவரி 11

ஹோட்டல்களுக்குக் கொடுக்கும் சிறிய போத்தல்களைப் பற்றிப் பாசிக்குடாவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். அறுகம்பேயிலும் இதே கேள்வி இருக்கும்.

எங்கள் நாட்டுச் சட்டப்படி 30 மில்லிலீற்றர் போத்தல் சஷே ஆகாது. அது இன்று தடை செய்யப்பட்ட பொருள் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலோ, ஒரு விருந்தினருக்காக மட்டும் வைத்து அவர் போனதும் வீசப்படும் சிறு பொதிகள், திரவம் 50 மில்லிலீற்றருக்கும் திரவமல்லாதது 100 கிராமுக்கும் குறைந்தவை, 2030 ஜனவரி 1 முதல் தங்குமிடங்களில் கூடாது. எங்கள் கரைக்கு வருகிற வெள்ளைக்காரப் பயணிகளில் பலர் அந்த நாடுகளிலிருந்து வருகிறவர்கள்தான். தங்கள் ஊரில் மறைந்துபோன குட்டிப் போத்தலை இங்கே குளியலறையில் கண்டால் அவர்களே கேட்பார்கள்.

நான் ஒரு விடுதிக்குச் சில காலம் குட்டிப் போத்தல்கள் கொடுத்தேன். கால்வாசி பயன்படுத்திய போத்தலைக்கூட அறை துப்புரவு செய்பவர்கள் வீசிவிட வேண்டும் என்பது அங்கே விதி. அந்த வீண்செலவைப் பார்க்கப் பொறுக்காமல், சுவரில் பொருத்தும் பெரிய கொள்கலனும் அதற்கான மீள்நிரப்பலும் தருகிறேன் என்று கேட்டேன். நிர்வாகம் தயங்கியது, பிறகு சில அறைகளில் மட்டும் ஒப்புக்கொண்டது.

இங்கேதான் என் எண்ணம் கொஞ்சம் மாறியது. மீள்நிரப்பல் எப்போதும் நல்லது என்று நம்பியிருந்த எனக்கு, எதை மீள்நிரப்புகிறோம் என்பது முக்கியம் என்று விளங்கியது. தண்ணீர் கலக்காத எண்ணெயில் கிருமி எளிதில் வளராது. ஷம்பு அப்படியல்ல. அடியில் தங்கிய பழைய ஷம்புவின் மேல் புதியதை ஊற்றிக்கொண்டே போனால், இந்த ஊரின் வெக்கையில் அது கெட்டுப்போகும்; மணத்திலேயே தெரியும். ஒவ்வொரு முறையும் கொள்கலனைக் கழற்றி, கொதிநீரில் கழுவி, முற்றாகக் காயவைத்து, எந்தத் தொகுதி எந்தத் தேதியில் ஊற்றப்பட்டது என்று எழுதிவைக்க வேண்டும். அதைச் செய்ய ஆளில்லாத விடுதிக்கு நான் கொடுப்பது காகிதத்தில் சுற்றிய சவர்க்காரக் கட்டி. தம்பிக்கும் அதையே சொல்வேன்.

2026 பெப்ரவரி 17

சவளக்கடையிலிருந்து எழுதிய அக்காவின் குறிப்பு இரண்டு நாளாக மனதை விட்டுப் போகவில்லை. "நாட்கூலிக்குப் போகிற பெண் அன்றைய கூலியில் அன்றைக்குத் தேவையானதைத்தான் வாங்குவாள். 400 ரூபாய்ப் போத்தலை வாங்கு என்று அவளுக்குச் சொல்ல நீங்கள் யார்?" என்று அவர் கேட்டிருக்கிறார்.

கேள்வி நியாயமானது. சின்னப் பக்கற் என்ற யோசனையே அந்தப் பெண்ணை நினைத்துப் பிறந்ததுதான். ஷம்புவைப் பக்கற்றில் அடைத்துச் சில்லறைக் காசுக்கு விற்கும் வழக்கம் தமிழ்நாட்டில் கடலூர்ப் பக்கமிருந்து பரவி இந்தியா முழுவதும் போனது. அது அவளுக்கு ஷம்புவைக் கொடுத்தது. கூடவே ஒரு மில்லிலீற்றருக்கான விலையைக் கூட்டியதா குறைத்ததா என்பதைப் பொருளுக்குப் பொருள் கணக்குப் பார்க்க வேண்டும். எண்ணெயில் நான் கணக்குப் போட்டபோது பக்கற்றில் அடைத்தால் பொதிச் செலவு எண்ணெயின் விலையை நெருங்கியது.

ஆனால் தடை மட்டும் போட்டுவிட்டு அவளுக்கு வேறு வழி காட்டாமல் விடுவதும் நீதியில்லை. எங்கள் ஊர்க் கடைகளில் தேங்காய் எண்ணெயை அளந்து ஊற்றித் தரும் பழக்கம் இன்னும் அழியவில்லை. போத்தலைக் கொண்டுபோனால் கால் போத்தல், அரைப் போத்தல் வாங்கலாம். கூந்தல் எண்ணெயையும் அப்படி ஊற்றிக் கொடுக்கலாம் என்று இரண்டு கடைகளில் தொடங்கியிருக்கிறேன். ஒரு சிக்கல் உண்டு: நுகர்வோர் விவகார அதிகார சபையின் கட்டளைகள் கேட்கும் நிகர அளவு, உயர்ந்தபட்ச சில்லறை விலை, தொகுதி இலக்கம், உற்பத்தித் தேதி, காலாவதித் தேதி, உற்பத்தியாளரின் பெயரும் முகவரியும் எல்லாம் பொதியின் மேல் இருப்பவை. ஊற்றிக் கொடுக்கும்போது இவை தொலைந்துபோகக் கூடாது. அதற்காக ஒவ்வொரு பெரிய கலனோடும் சிறு அட்டைக் கட்டொன்று அனுப்புகிறேன்; கடைக்காரர் ஒரு அட்டையைக் கிழித்து வாங்குபவரின் போத்தல் கழுத்தில் நூலால் கட்டிவிடுவார். முகப்பூச்சுத் தூளுக்கு இந்தத் தொல்லை இல்லை, காகித உறையே போதும்.

2026 பெப்ரவரி 24

கடைப் பைக்குக் காசு வாங்குவதைப் பற்றி ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். 2025 நவம்பர் 1 முதல் பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுக்கக் கூடாது, விலையைச் சிட்டையில் காட்ட வேண்டும் என்ற அந்த ஏற்பாட்டால் என்ன மாறியது என்று கேட்கிறார். எங்கள் சந்தையில் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்: பழைய பன்பையைக் கையில் சுருட்டிக்கொண்டு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். தொகை சிறியதுதான், ஆனாலும் சிட்டையில் தனி வரியாக விழுந்ததும் கண்ணில் படுகிறது.

இதையே மறுபக்கமாகச் செய்யலாம் என்பது என் அனுபவம். சோடாப் போத்தலுக்கு முன்பணம் கட்டித் திருப்பிக் கொடுத்துப் பழகிய சமூகம் நாங்கள். என் கண்ணாடி எண்ணெய்க் குப்பிக்கும் ஒரு சிறு தொகையைத் தனியாக வாங்கி, குப்பி வந்ததும் திருப்பிக் கொடுக்கிறேன். கல்லடி, நாவற்குடா, மட்டக்களப்பு நகரம் வரை நன்றாக வருகிறது. வாழைச்சேனைக்கும் களுவாஞ்சிகுடிக்கும் அப்பால் போன குப்பிகள் திரும்புவதில்லை. ஆட்கள் மனமில்லாதவர்கள் என்பதால் இல்லை. ஒரு வெறும் குப்பியை பஸ்ஸில் அனுப்பும் கூலி அதன் முன்பணத்தைவிட அதிகம்.

2026 மார்ச் 2

மேலே எழுதியவற்றை ஒருசேர வாசித்தபோது என் நிலைப்பாடு எனக்கே இன்னும் தெளிவாகிறது. உற்பத்தியாளர் பொறுப்பு என்பதை எடைக் கணக்காக மட்டும் வைத்தால் கிழக்கு மாகாணம் கைவிடப்படும்.

இலங்கை வர்த்தகச் சம்மேளனம் பிளாஸ்டிக் பொதிகளுக்கான பொறுப்பைத் தன்னார்வ ஏற்பாடாக 2021 முதல் முன்னெடுத்து வருகிறது. இந்தியா 2022 பெப்ரவரியில் அதைக் கட்டாயமாக்கி, கடினப் பொதி, நெகிழ்பொதி, பல்படலப் பொதி என்று வகை பிரித்து இலக்கு வைத்தது. பிலிப்பைன்ஸ் எங்களைப் போலவே பக்கற்றில் மூழ்கிய நாடு. அங்கே 2022ஆம் ஆண்டின் சட்டம், பெரிய நிறுவனங்கள் தாங்கள் விட்ட பிளாஸ்டிக் பொதியில் 2023இல் 20 சதவீதம் தொடங்கி 2028இல் 80 சதவீதம் வரை மீட்க வேண்டும் என்கிறது. சிறிய, நடுத்தர முயற்சிகளை அது கட்டாயத்திலிருந்து விலக்கியிருக்கிறது. அந்தப் பிரிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் எந்த இலக்கிலும் ஒரு ஓட்டை உண்டு. நாடு முழுவதற்கும் ஒரே எண் என்றால், நிறுவனம் தனக்கு மலிவான இடத்தில் அதை நிரப்பிவிடும். கொழும்பிலும் கம்பஹாவிலும் சேர்த்தாலே கணக்கு முடிந்துவிடும். 300 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மட்டக்களப்புக்கு லொறி அனுப்ப ஒருவருக்கும் காரணம் இருக்காது. பொருளை விற்க வரும் லொறி பொத்துவில் வரை வருகிறது. திரும்பிப் போகும்போது வெறுமையாகத்தான் போகிறது. எந்த மாவட்டத்தில் விற்கிறார்களோ அந்த மாவட்டத்திலேயே மீட்க வேண்டும், திரும்பும் லொறியில் இடம் ஒதுக்க வேண்டும் என்பதை விதியில் எழுதினால், இங்குள்ள நானாவின் தராசில் ஏறாத பொருளுக்கும் ஒரு விலை பிறக்கும். கட்டாயச் சட்டம் வரும் நேரத்தில் எங்கள் மாவட்டங்களிலிருந்து இதை எழுத்தில் கேட்க வேண்டும். நான் ஒரு வரைவு எழுதத் தொடங்கியிருக்கிறேன். அழகுசாதனக் கடை வைத்திருப்பவர்களும் சலூன், பியூட்டி பார்லர் நடத்துபவர்களும் தங்கள் பக்கத்துச் சிக்கல்களை இங்கே எழுதினால் சேர்த்துக்கொள்வேன். பார்லர்களில் மிஞ்சும் நகப்பூச்சு, அதை அகற்றும் அசிற்றோன், அமுக்கி விசிறும் தகரக் குப்பி ஆகியவை தீப்பிடிக்கக்கூடியவை என்பதால் அவற்றுக்கு வேறு பத்தி வேண்டும்.

2026 மார்ச் 5

அக்கரைப்பற்றுச் சகோதரி 50 மில்லிலீற்றர் போத்தலுக்குத் தீர்மானித்துவிட்டதாக எழுதியிருக்கிறார். திரும்பி வரும் எண்ணெய்ப் போத்தலை எப்படிக் கழுவுவது, எண்ணெய்ப் பிசுபிசுப்போடு பழைய சாமான் கடையில் எடுக்க மாட்டார்களே என்பது அவருடைய அடுத்த கேள்வி.

நாங்கள் செய்வது இதுதான். போத்தலைத் தலைகீழாக ஒரு இரவு வைத்து வடிய விட வேண்டும். பிறகு ஒரு கைப்பிடி அரிசித் தவிட்டையும் சில சிறு கற்களையும் உள்ளே போட்டு, மூடி, நன்றாகக் குலுக்கித் தட்டிவிட்டால் தவிடு பெரும்பகுதி எண்ணெயை எடுத்துவிடும். அந்தத் தவிட்டை விறகடுப்பில் போடலாம். அதற்குப் பிறகுதான் சுடுநீரும் சவர்க்காரமும். முதலிலேயே சுடுநீர் ஊற்றினால் எண்ணெய் முழுவதும் கழிவுநீரோடு போய்க் கிணற்றடி மண்ணில் படியும். மீண்டும் எண்ணெய் நிரப்பப் போகும் கண்ணாடிக் குப்பி என்றால், வெயிலில் வாய் கீழாக வைத்து ஒரு துளி ஈரமும் இல்லாமல் காய்ந்த பிறகே நிரப்புங்கள். பழைய சாமான் கடைக்குப் போகும் பிளாஸ்டிக் என்றால் அவ்வளவு காயத் தேவையில்லை. மூடியையும் போத்தலையும் வேறு வேறு சாக்கில் கட்டுங்கள், மூடி பெரும்பாலும் வேறு வகை.